நிரலாக்கப் புத்தகம் வாங்குமுன் திறக்க வேண்டிய பக்கங்கள்

கல்லூரி மாணவருக்குப் புத்தகத்தைப் பாடத்திட்டம் தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிடும். மென்பொருள் வேலையில் இருப்பவருக்குப் பக்கத்து நாற்காலியில் கேட்க ஆள் உண்டு. பகலெல்லாம் தோட்டம், கடை, பள்ளிக்கூடம் என்று வேறு பிழைப்பு பார்த்துவிட்டு இரவு எட்டு மணிக்கு மடிக்கணினியைத் திறக்கிறவருக்கு இந்த இரண்டும் இல்லை. நிரல் ஓடாமல் நின்றால் அவர் புரட்டிப் பார்க்கப் புத்தகம் ஒன்றுதான் இருக்கும். ஆகவே எழுதியபடி ஓடாத நேரத்தில் இந்தப் புத்தகம் எனக்கு என்ன செய்யும் என்பதுதான் வாங்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி. பக்க எண்ணிக்கை, நட்சத்திர மதிப்பெண், அட்டையில் போட்டிருக்கும் ‘முப்பது நாளில்’ எல்லாம் அதற்குப் பிறகு.

இந்தக் கேள்வியோடு கடைக்குப் போக, செய்து பார்க்க ஒரு சின்ன வேலை மனதில் இருக்க வேண்டும். குமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனை, கடையாலுமூடு பக்கம் இருப்பவர்களுக்கு அது வீட்டிலேயே இருக்கிறது: ரப்பர் கணக்கு. தேதி, ஷீட் எத்தனை கிலோ, ஒட்டுப்பால் (மரத்திலும் சிரட்டையிலும் உறைந்தது) எத்தனை கிலோ, அன்றைய விலை, மரத்தில் பால்வெட்டுக் கூலி, மாதக் கடைசியில் மொத்தம். ரப்பர் இல்லாதவர்கள் தோவாளைப் பூச்சந்தை விலையையோ கடையின் பற்று வரவையோ எடுத்துக்கொள்ளலாம். ஒரு பக்கம், நாலைந்து கட்டங்கள், ஒரு பொத்தான், ஒரு மொத்தம். பார்வைக்கு அற்பமான வேலை. ஆனால் உலாவியில் ஓடும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட்டில் இதை எழுதினால் ஐந்து இடங்களில் கண்டிப்பாக இடறும். அந்த ஐந்தையும் புத்தகத்தில் தேடிப் பார்ப்பதைவிட நல்ல சோதனை கிடையாது.

முதல் இடறல் கூட்டல். உள்ளீட்டுக் கட்டத்தில் தட்டுவது எண்ணாக இருந்தாலும் நிரலுக்கு அது எழுத்துச் சரமாகத்தான் வந்து சேரும். 12.5 கிலோவும் 8 கிலோவும் கூட்டினால் 20.5 வராது, 12.58 வரும். விடை எண் போலவே தெரிவதால் பிழை செய்தியும் வராது. ‘நம்பர்’ அல்லது ‘பார்ஸ்ஃப்ளோட்’ கொண்டு மாற்ற வேண்டும் என்பதைப் படிவங்கள் பற்றிய அத்தியாயத்திலேயே சொல்கிற புத்தகம், தொடங்குகிறவர் எங்கே விழுவார் என்று தெரிந்தவர் எழுதியது. இருநூறு பக்கம் தள்ளித் தரவு வகைகள் என்ற தலைப்பில் மட்டும் சொல்லியிருந்தால் அது மொழியின் விளக்க அட்டவணை, பாடநூல் என்ற பெயரில்.

இரண்டாவது தசமம். 0.1 உடன் 0.2 கூட்டினால் 0.30000000000000004 என்று திரையில் நிற்கும். கணினி 0, 1 மட்டும் கொண்ட இரும எண்முறையில் சேமிப்பதால் 0.1 அதில் முழுதாக அடங்காது. பணக் கணக்கை ரூபாயில் வைக்காமல் பைசாவில் முழு எண்ணாக வைத்துக்கொண்டு, காட்டும்போது மட்டும் நூறால் வகுப்பது பழைய, நம்பகமான வழி. மூன்றாவது மாதம்: ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு ஜனவரி 0, டிசம்பர் 11. ஜூன் கணக்கைக் கேட்க 6 என்று எழுதினால் ஜூலை வரும்.

நான்காவது இடறல் நம் ஊருக்கே உரியது. இன்றைய தேதியை எடுக்கப் பல புத்தகங்கள் ‘டூ ஐஎஸ்ஓ ஸ்டிரிங்’ என்ற குறுக்குவழியைத் தருகின்றன. அது தருவது உலகப் பொது நேரம். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கியது. பால்வெட்டு விடியுமுன் நடக்கிற வேலை. காலை ஐந்து மணிக்குக் கணக்கைப் பதிந்தால் முந்தின நாள் தேதி விழும். பகலில் எத்தனை முறை சோதித்தாலும் சரியாகவே இருக்கும். ஐந்தரைக்கு முன்னால் பதிகிறவருக்கு மட்டும் தவறும். உலகப் பொது நேரத்துக்கும் உள்ளூர் நேரத்துக்கும் உள்ள வேறுபாட்டை அரைப் பக்கமாவது பேசுகிற புத்தகத்துக்குக் கூடுதல் மதிப்பெண் போடலாம்.

ஐந்தாவது, பக்கத்தை மூடித் திறந்தால் எழுதியதெல்லாம் காணாமல் போவது. உலாவியிலேயே சேமிக்க ‘லோக்கல் ஸ்டோரேஜ்’ போதும். ஒரு தளத்துக்கு ஏறக்குறைய 5 எம்பி இடம், ஒரு குடும்பத்தின் ரப்பர் கணக்குக்கு அது பல வருஷம் தாங்கும். ஆனால் அது சரத்தை மட்டுமே சேமிக்கும், பட்டியலை ஜேசன் என்ற எழுத்து வடிவமாக மாற்றித்தான் வைக்க முடியும். மாற்றாமல் வைத்தால் ‘ஆப்ஜெக்ட் ஆப்ஜெக்ட்’ என்ற சொற்கள் மட்டும் மிஞ்சும். உலாவியின் சேமிப்பை அழித்தால் கணக்கும் போய்விடும் என்று எச்சரிக்கிற ஆசிரியரை நம்பலாம்.

இவற்றைத் தேட அத்தியாயங்களைப் புரட்ட வேண்டாம். கடைசிப் பக்கங்களில் உள்ள சொல்லடைவைத் திறந்தால் பத்து நிமிட வேலை. இணையத்தில் வாங்குவதானால் மாதிரிப் பக்கங்களில் பொருளடக்கம் பெரும்பாலும் இருக்கும், சொல்லடைவு சில சமயம் இருக்கும். அதில் பிழைகள், பிழைதிருத்தம் என்ற தலைப்பில் எத்தனை பக்க எண்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். எஃப்12 தட்டி, பிழை செய்திகள் தெரியும் கன்சோலைத் திறப்பது எப்படி என்பது முதல் ஐம்பது பக்கத்துக்குள் வராத இணையப் புத்தகத்தை வாங்க வேண்டியதில்லை. சொல்லடைவே இல்லாத ஐந்நூறு பக்கப் புத்தகத்தை ஒருமுறை படித்துவிடலாம், மறுபடி அதில் எதையும் தேடி எடுக்க முடியாது.

தமிழில் எழுத்து கையாள்கிறவருக்கு இன்னொரு சோதனை இருக்கிறது. அமெரிக்கப் புத்தகங்களில் பெரும்பாலும் விடை இருக்காது, ஆனாலும் எவ்வளவு தூரம் வருகிறார்கள் என்று பார்க்கலாம். ‘குமரி’ என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தான் என்ற இன்னொரு நிரல்மொழியிடமோ ஜாவாஸ்கிரிப்ட்டிடமோ கேட்டால் 3 என்று சொல்லாது, 5 என்று சொல்லும். உகரமும் இகரமும் தனித்தனிக் குறியீடுகளாக எண்ணப்படுகின்றன. ஏறக்குறைய எல்லாப் புத்தகத்திலும் வருகிற ‘சரத்தைத் தலைகீழாக்கு’ பயிற்சியை இந்தச் சொல்லில் செய்தால், இகரக் கொக்கி முன்னால் தனியாக நிற்க, ககரத்தோடு இருந்த உகரம் மகரத்தில் ஒட்டிக்கொள்ளும். யூனிகோடு (உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறை) தரும் குறியீட்டுப் புள்ளிக்கும் கண்ணால் பார்க்கும் எழுத்துக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குகிற புத்தகம் இருந்தால் இது ஏன் நடக்கிறது என்று புரியும். ஜாவாஸ்கிரிப்ட்டில் ‘இன்டில் செக்மென்ட்டர்’ (Intl.Segmenter) இதற்கென்றே இருக்கிறது. 2024 ஏப்ரலில் ஃபயர்ஃபாக்ஸும் சேர்ந்தபின் முக்கிய உலாவிகள் எல்லாவற்றிலும் வேலை செய்கிறது.

அகரவரிசைப்படுத்துதல் இதைவிட ஏமாற்றும். குமரி மாவட்டத்தின் ஆறு வட்டங்களான அகஸ்தீஸ்வரம், கல்குளம், கிள்ளியூர், திருவட்டாறு, தோவாளை, விளவங்கோடு ஆகியவற்றைச் சாதாரண ‘சார்ட்’ கட்டளைக்குக் கொடுத்தால் சரியாகவே அடுக்கித் தரும். சரி, தமிழ் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டு வயல், வனம் இரண்டையும் கொடுத்தால் வனம் முன்னால் வரும். யூனிகோடில் னகரம் நகரத்தை அடுத்து வைக்கப்பட்டிருக்கிறது, நம் நெடுங்கணக்கில் அது கடைசி. ‘லோக்கேல் கம்பேர்’ என்பதில் தமிழ் மொழிக் குறியீட்டைக் கொடுத்தால் வரிசை நேராகும். ‘டூ லோக்கேல் ஸ்டிரிங்’ இந்தியக் குறியீட்டோடு பயன்படுத்தினால் லட்சத்துக்கும் கோடிக்கும் காற்புள்ளி சரியான இடத்தில் விழும். புத்தகத்தில் இந்த இரண்டு பெயர்கள் வருகின்றனவா என்று மட்டும் பாருங்கள்.

பைத்தானில் விண்டோஸ் பயன்படுத்துகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் கோப்பு. ‘ஓப்பன்’ கட்டளையில் என்கோடிங் (எழுத்துகளைச் சேமிக்கும் முறை) யுடிஎஃப்-8 என்று சொல்லாவிட்டால் பல விண்டோஸ் கணினிகளில் அது பழைய மேற்கத்திய எழுத்துக் குறியீட்டை எடுத்துக்கொள்ளும். தமிழில் ஒரு வரி எழுதியதும் ‘யூனிகோட் என்கோட் எரர், சார்மேப்’ என்று நின்றுவிடும். ஆசிரியர் மேக்கில் சோதித்து ஆங்கிலத்தில் மட்டும் எழுதியிருந்தால் அவருக்கு இது தெரியவே வராது. கோப்புகள் அத்தியாயத்தைத் திறந்து ஒரு எடுத்துக்காட்டிலாவது என்கோடிங் இருக்கிறதா என்று பார்ப்பது அரை நிமிட வேலை. அதேபோல் காற்புள்ளியால் பிரித்த அட்டவணையான சிஎஸ்வி கோப்பை எக்செல்லில் திறக்கும்போது தமிழ் சிதைந்தால், ‘யுடிஎஃப்-8-சிக்’ என்று எழுதிச் சேமிக்க வேண்டும்.

அடுத்தது வயது. பதிப்புரிமைப் பக்கத்தில் இரண்டு ஆண்டுகள் இருக்கும்: பதிப்பின் ஆண்டு, மறுஅச்சின் ஆண்டு. இந்திய மறுஅச்சுகளில் 2023 என்று பெரிதாகக் கண்ணில் படுவது பெரும்பாலும் மறுஅச்சு. உள்ளடக்கம் 2013இல் நின்றிருக்கலாம். முன்னுரையில் ‘இந்த நிரல்கள் இன்ன பதிப்பில் சோதிக்கப்பட்டவை’ என்று ஒரு வரி இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் நிரல்களையே பார்த்து வயதைக் கண்டுபிடிக்கலாம்.

பைத்தானில் ‘பிரிண்ட்’ அடைப்புக்குறி இல்லாமல் இருந்தால் அது பைத்தான் 2. அதன் ஆதரவு 2020 ஜனவரி 1 அன்று முடிந்துவிட்டது. சரத்துக்குள்ளேயே மதிப்பைப் பொருத்தும் எஃப்-ஸ்டிரிங் எங்குமே இல்லையென்றால் 2016 டிசம்பரில் வந்த 3.6க்கு முன் எழுதியது, அல்லது எழுதியவர் அதற்குப்பின் படிக்கவில்லை. ஜாவாஸ்கிரிப்ட்டில் எல்லா இடத்திலும் ‘வார்’ மட்டும் இருந்து ‘லெட்’, ‘கான்ஸ்ட்’ காணோமென்றால் 2015க்கு முந்தையது. அது ஓடும், ஆனால் கற்கிற பழக்கம் தவறு. தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ்ஸில் பக்க அமைப்பு முழுக்க ‘ஃப்ளோட்’ கொண்டே செய்யப்பட்டிருந்தால், 2017இல் கிரிட் எல்லா முக்கிய உலாவிகளுக்கும் வருமுன் எழுதியது. ஆயத்த சிஎஸ்எஸ் தொகுப்பான பூட்ஸ்ட்ராப்பில் ‘டேட்டா-டாகில்’ என்று இருந்தால் பழசு. 2021 மே மாதம் வந்த ஐந்தாம் பதிப்பில் அது ‘டேட்டா-பிஎஸ்-டாகில்’ ஆகிவிட்டது, புத்தகத்தைப் பார்த்து அடித்த மெனு அழுத்தினாலும் திறக்காது. பிழை செய்தியும் வராது என்பதால் இதற்காக ஒரு வாரம் தூக்கம் கெட்டவர்கள் உண்டு.

ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்பான ரியாக்ட் பற்றிய புத்தகங்களில் ‘ரியாக்ட் டாம் ரெண்டர்’ என்று தொடங்கினால் அது 2022இல் பதினெட்டாம் பதிப்பு வருமுன் எழுதியது. பத்தொன்பதில் அந்தக் கட்டளையையே நீக்கிவிட்டார்கள். ‘கிரியேட் ரியாக்ட் ஆப்’ கொண்டு நிறுவச் சொல்வதும் அப்படித்தான், 2025 பிப்ரவரியில் அதைக் கைவிட்டாயிற்று.

இணையச் சேவையகத்தில் ஓடும் மொழியான பிஎச்பி புத்தகங்களில் வயதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. ‘மைஎஸ்க்யூஎல் கனெக்ட்’ என்று பழைய முறையில் இணைக்கிற நிரல் 2015 டிசம்பரில் வந்த பிஎச்பி 7 முதல் ஓடவே ஓடாது. அதில் ஆபத்தில்லை, ஓடாது என்று உடனே தெரிந்துவிடும். பயப்பட வேண்டியது ஓடுகிற தவறான நிரலுக்கு. பயனர் தட்டியதை அப்படியே தரவுத்தளத்துக்கு அனுப்பும் எஸ்க்யூஎல் வரியில் ஒட்டுகிற எடுத்துக்காட்டு, கடவுச்சொல்லை எளிதில் உடைபடும் எம்டி5 கொண்டு சேமிக்கிற எடுத்துக்காட்டு இவற்றில் ஒன்று கண்ணில் பட்டாலும் புத்தகத்தை மூடி வைத்துவிடலாம். ‘பாஸ்வேர்ட் ஹாஷ்’ 2013இலிருந்தே பிஎச்பியில் இருக்கிறது, அளவுருக்களோடு கேள்வியைத் தனியாக அனுப்பும் முறை அதற்கும் முன்பிருந்தே. தொடக்கநிலைப் புத்தகம் என்பதால் எளிமையாக வைத்தேன் என்ற சாக்கு இங்கே செல்லாது. தொடக்கத்தில் கையில் ஏறியது பிறகு இறங்காது.

பொழுதுபோக்காகப் படிக்கிறவர்கள் புத்தகத்தைக் கைவிடுவது பெரும்பாலும் கடினமான அத்தியாயத்தில் இல்லை, நிறுவும் அத்தியாயத்தில்தான். லினக்ஸ் வகைகளில் உபுண்டு 23.04 முதல், டெபியன் 12 முதல், பைத்தான் தொகுப்புகளை நிறுவ ‘பிப் இன்ஸ்டால்’ என்று நேரடியாக அடித்தால் ‘எக்ஸ்டர்னலி மேனேஜ்ட் என்விரான்மென்ட்’ என்று மறுக்கும். இயங்குதளத்தின் பைத்தானைக் கெடுத்துவிடாமல் இருக்கத்தான் இந்தத் தடை. ‘வென்வ்’ கொண்டு தனிச் சூழல் ஒன்றை உருவாக்கி அதற்குள் நிறுவ வேண்டும். இந்தத் தடை வருமுன்பே வென்வ் பற்றிச் சொல்லிக்கொடுத்த புத்தகங்கள் உண்டு, அவை இன்றும் தப்பிக்கின்றன. உலாவிக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டும் நோடு சார்ந்த புத்தகமானால், நிறுவ வேண்டிய தொகுப்புகளின் பதிப்பு எண்கள் அச்சில் இருக்கின்றனவா என்று பாருங்கள். எண் இல்லாமல் நிறுவினால் இன்றைய புதிய தொகுப்பு இறங்கும், புத்தகத்தின் நிரல் அதற்குப் பொருந்தாது. எண் இருந்தால் அதே எண்ணைப் போட்டு நிறுவிப் படித்து முடித்துவிடலாம். கற்றுக்கொள்வதற்கு அது போதும், உலகத்துக்குத் திறந்துவிடும் தளத்துக்குப் போதாது.

நிரல் துண்டு துண்டாக இருந்து ‘மீதியை முன்போலவே விடவும்’ என்று சொல்கிற புத்தகத்துக்கு முழுக் கோப்புகளும் நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் இருக்க வேண்டும். வாங்குமுன் அந்தக் களஞ்சியத்துக்குப் போய், வாசகர்கள் சிக்கல்களை எழுதும் ‘இஷ்யூஸ்’ பக்கத்தைப் படியுங்கள். நட்சத்திர மதிப்பெண்களைவிட உண்மை அதில் இருக்கும்: எந்த அத்தியாயத்தில் எத்தனை பேர் நின்றார்கள், ஆசிரியர் பதில் சொன்னாரா, கடைசிப் பதில் எந்த வருஷம். பதிப்பாளர் பிழைதிருத்தப் பட்டியல் வெளியிட்டிருந்தால் அது நீளமாக இருப்பது குறையில்லை. யாரோ படித்துப் பார்த்து எழுதியிருக்கிறார்கள், யாரோ கேட்டிருக்கிறார்கள்.

அண்மையில் சேர்ந்திருக்கிற வகை, ஆளே இல்லாமல் செயற்கை நுண்ணறிவு எழுதித் தள்ளும் சுயபதிப்புகள். ஒரே ஆசிரியர் பெயரில் ஒரே வருஷத்தில் பைத்தான், எக்செல், சமையல், யோகா எல்லாம் வந்திருக்கும். ஒரே பத்தி சொல் மாற்றி மூன்று அத்தியாயத்தில் வரும். அச்சிட்டிருக்கும் வெளியீடு அதற்கு மேலே உள்ள நிரலிலிருந்து வரவே முடியாததாக இருக்கும். மாதிரிப் பக்கத்தில் உள்ள ஒரு நிரலை ஓட்டி வெளியீட்டை ஒப்பிட்டால் போதும்.

பழைய புத்தகம் வாங்குவதில் நம் பக்கத்துக்கு ஒரு தனி நிலைமை. பொறியியல் கல்லூரிகள் நிறைந்த மாவட்டம் என்பதால் கைமாறி வருகிற கணினிப் புத்தகங்களில் பாதிக்கு மேல் பாடத்திட்டப் புத்தகங்களாகவே இருக்கும். தேர்வில் கேட்கும் வரையறைகள் அதில் உண்டு, வேலை செய்கிற ஒரு முழு நிரல் பெரும்பாலும் இருக்காது. சி, சி++ புத்தகங்கள் பல இன்னும் பழைய டர்போ சி கம்பைலர் காலத்தில் நிற்கின்றன. ‘கோனியோ’, ‘கிளியர் ஸ்கிரீன்’, ‘ஐயோஸ்ட்ரீம் டாட் எச்’ என்று முதல் பக்கத்திலேயே இருந்தால் இன்றைய கம்பைலரான ஜிசிசி லினக்ஸில் அதை ஏற்காது. சி++ தரப்படுத்தப்பட்டது 1998இல், டாட் எச் இல்லாத தலைப்புதான் அதிலிருந்து தரம்.

ஆனால் பழசு எல்லாம் குப்பை என்று தள்ளவும் கூடாது. எஸ்க்யூஎல், எழுத்து வடிவங்களைத் தேடும் ரெகுலர் எக்ஸ்பிரஷன், லினக்ஸ் கட்டளைவரி, நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட், தரவுக் கட்டமைப்புகள் பற்றிய புத்தகங்கள் பதினைந்து வருஷம் கழிந்தும் பெரும்பகுதி ஓடும். கிட்டில் ‘ஸ்விட்ச்’ 2019இல் வந்தது, பழைய ‘செக்அவுட்’ இன்னும் வேலை செய்கிறது. காசை இந்த வகைப் புத்தகத்தில் போடுவது நல்லது. ரியாக்ட், ஆங்குலர், மேகச் சேவைகளின் திரைப்பிடிப்புகள் (ஸ்கிரீன்ஷாட்) நிறைந்த புத்தகங்கள் இவற்றை நூலகத்தில் கிடைத்தால் மட்டும் எடுக்கலாம். நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்தின் கணினிப் பிரிவை ஒருமுறை பார்த்துவிட்டு வாங்கும் பட்டியலை எழுதுங்கள். திருவனந்தபுரத்துக்கு வேறு வேலையாகப் போகிறவர்கள் பாளையம் பக்கத்துப் பழைய புத்தகக் கடைகளையும் எட்டிப் பார்க்கலாம்.

அச்சு பற்றிக் கொஞ்சம். இந்தியப் பதிப்புகள் பல கறுப்பு வெள்ளையில் வருகின்றன. விலை குறைவதற்கு அதுதான் காரணம், நிரலுக்கு அதனால் நஷ்டமில்லை. சிஎஸ்எஸ் வண்ணங்கள், தரவு வரைபடங்கள் பற்றிய புத்தகத்தில் நஷ்டம் உண்டு. ஒளிநகல் புத்தகங்களில் அடிக்கோடும் புள்ளியும் மங்கி மறையும், பைத்தானில் உள்தள்ளல் பக்கம் மாறும் இடத்தில் தெரியாது. மின்னூலிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் வளைந்த மேற்கோள் குறி வந்து ‘சின்டாக்ஸ் எரர்’ காட்டும், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. நிரலைக் கையால் தட்டுங்கள். இரண்டு பருவமழையும் பெய்கிற ஊரில் ஒட்டுக்கட்டு போட்ட தொள்ளாயிரம் பக்கப் புத்தகம் முதுகு பிளந்து பூஞ்சை பிடிப்பதும் உண்டு. தடித்த புத்தகமானால் மின்னூல் மேல்.

எதையும் வாங்குமுன் இலவசமாகக் கிடைப்பதோடு ஒப்பிட வேண்டும். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் விளக்கத்துக்கு மொசில்லாவின் எம்டிஎன் தளத்தை மிஞ்சிய புத்தகம் அரிது. பைத்தானுக்கு அதன் அதிகாரபூர்வப் பயிற்சிப் பக்கங்கள் உண்டு. தமிழில் கணியம் அறக்கட்டளை வெளியிட்டிருக்கும் ‘எளிய தமிழில்’ வரிசை மின்னூல்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசம். ஒரு மொழி நமக்கு ஒத்துவருமா என்று அறிய முதலில் அவற்றில் ஒன்றைப் படித்துவிடலாம். காசு கொடுத்து வாங்கும் புத்தகம் இவற்றில் இல்லாத ஒன்றைத் தர வேண்டும்: எதற்குப்பின் எது என்ற ஒழுங்கு, முதலிலிருந்து முடிவுவரை வளர்ந்து வருகிற ஒரே வேலை, ஒவ்வொரு கட்டத்திலும் உடைத்துப் பார்க்கச் சொல்லும் பயிற்சி. விடைகள் இல்லாத பயிற்சி ஆசிரியர் இல்லாதவருக்குப் பாதிப் பயன்தான்.

கடைசியாக, முதல் அத்தியாயத்தைப் படித்து முடிவு செய்யாதீர்கள். முதல் அத்தியாயம் எல்லாப் புத்தகத்திலும் இனிக்கும். நடுவில் ஏழாவதோ எட்டாவதோ அத்தியாயத்தின் இரண்டு பக்கத்தை எடுத்து, அதுவரை புத்தகத்தில் விளக்காத சொற்களைப் பென்சிலால் குறியுங்கள். இரண்டு பக்கத்தில் ஐந்துக்கு மேல் வந்தால் ஆசிரியர் ஓடத் தொடங்கிவிட்டார் என்று பொருள். வாங்கியபின் நிறுவும் அத்தியாயத்தையும் அந்த நடு அத்தியாயத்தையும் முதல் வாரத்திலேயே ஓட்டிவிடுங்கள். இணையக் கடைகளில் புத்தகத்தைத் திருப்பி எடுக்கும் காலம் குறைவு, சில விற்பனையாளர்கள் கிழிந்திருந்தால் மட்டுமே எடுப்பார்கள். ஓடிய நிரலின் ஓரத்தில் எந்தப் பதிப்பில் ஓடியது, எந்த வரியை மாற்றினீர்கள் என்று எழுதி வையுங்கள். அடுத்து அந்தப் புத்தகத்தை இரவல் கேட்கிறவருக்கு அச்சில் உள்ளதைவிட அந்தக் குறிப்புதான் முதலில் வேண்டியிருக்கும்.